தொட்டிக்கும் வேலிக்கும் ஒரு தொலைக்காவல்

கால்நடை வளர்ப்பவர் விடிந்ததும் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டியவை இரண்டு: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்பதும், மாடு வெளியேற வழியில்லாமல் வேலி நிற்கிறதா என்பதும். தீவனம் ஒரு வேளை தவறினால் மாடு பொறுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தண்ணீர் தவறினால் அன்றைக்கே கறவை குறைந்து, அடுத்த நாள் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். வேலி அறுந்தால் மாடு அயலார் பயிரிலோ, சாலையிலோ, தண்டவாளத்திலோ போய் நிற்கும். இந்த இரு கவலைகளையும் ஆள் நடந்துபோய்ப் பார்க்காமலேயே தீர்த்துவைக்க, இருந்த இடத்துக்குச் செய்தி அனுப்பும் தொலையுணரிகள் உலகின் பெரிய கால்நடைப் பண்ணைகளில் கடந்த சில ஆண்டுகளாகப் பரவிவருகின்றன. தமிழ்நாட்டில் அவற்றுக்கு எங்கே இடம் உண்டு, எங்கே இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக் குவித்தால் பணம் வீணாகும். பிரித்துப் பார்த்து வைத்தால் மிக எளிய கருவி ஒன்றே பல உயிர்களைக் காக்கும்.

இந்த ஆராய்ச்சியை வடசென்னையின் புளியந்தோப்பிலிருந்து தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சென்னையில் கால்நடையோடு இவ்வளவு நெருங்கிய தொடர்புடைய பகுதி வேறு இல்லை எனலாம். மக்கள் ஆட்டுத்தொட்டி என்று அழைக்கும் மாநகராட்சி இறைச்சிக்கூடம் இங்கே இருக்கிறது. தெருவில் பிடிபடும் மாடுகளை அடைத்துவைக்கும் பெரம்பூர்த் தொழுவம் பக்கத்தில் இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலுள்ள வேப்பேரியில் நிற்க, 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வடக்கே மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் இயங்குகிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி நீளும் குடியிருப்புகளில் இரண்டு மாடு, மூன்று எருமை என்று கட்டி, விடியலில் பால் கறந்து ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன.

உணரி எப்படி வேலை செய்கிறது

உணரி என்பது ஓர் இயற்பியல் மாற்றத்தை, அதாவது நீர்மட்டம், அழுத்தம், மின்னழுத்தம், அசைவு போன்ற ஒன்றை, மின்குறிப்பாக மாற்றித் தரும் சிறு கருவி. தண்ணீர்த் தொட்டிக்கு மூன்று வகைகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது மிதவைச் சுவிட்சு. நீர் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் மிதவை சாய்ந்து மின்சுற்றை மூடும் அல்லது திறக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, தொட்டியின் அடியில் கிடந்து மேலேயுள்ள நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி. பத்து மீட்டர் ஆழ நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும் என்பதால், அழுத்தத்திலிருந்து ஆழத்தை நேராகக் கணித்துவிடலாம். மூன்றாவது, தொட்டியின் மூடியில் பொருத்தப்படும் மீயொலி உணரி. அது மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டு எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது.

மூன்றாவது வகை நுட்பமானது என்பதால் விற்பனையாளர்கள் அதையே முன்னிறுத்துகிறார்கள். ஆனால் நம் வெயிலில் அதற்கு ஒரு குறை உண்டு. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். விடியற்காலைக்கும் உச்சிப்பொழுதுக்கும் இடையே தொட்டி மூடிக்கடியில் 15 பாகை வேறுபாடு இருந்தால், ஒரு மீட்டர் தொலைவுக்கு இரண்டரை செ.மீ. அளவில் பிழை நேரும். வெப்பத் திருத்தம் செய்யாத மலிவுக் கருவியில் தண்ணீர் அசையாமல் இருக்கும்போதே மட்டம் ஏறி இறங்குவதாகக் கணக்கு காட்டும். ஆழமற்ற மாட்டுத்தொட்டியில் இந்தப் பிழை சிறியதன்று. உணரியின் வாயில் சிலந்தி வலை பின்னினாலும் எதிரொலி கெடும். ஆகவே மாடு குடிக்கும் தொட்டிக்கு எளிய மிதவையும், பெரிய நிலத்தடித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் அழுத்த உணரியும் பொருத்துவதே நம் நிலைமைக்கு ஏற்றது.

உணரி கண்டறிந்ததை அனுப்பும் வழி அடுத்த கேள்வி. கைப்பேசிச் சிம் அட்டை வழியாகக் குறுஞ்செய்தி அனுப்புவது ஒரு முறை. லோரா எனப்படும் குறைந்த ஆற்றல் வானொலி முறை இன்னொன்று; ஒரு சில எண்களை மட்டும் மெதுவாக அனுப்புவதால் சிறு மின்கலத்திலேயே ஆண்டுக்கணக்கில் இயங்கி, தடையற்ற வெளியில் பல கி.மீ. தொலைவுக்கு எட்டும். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்சை ஒட்டிய அலைவரிசை இத்தகைய குறைந்த ஆற்றல் பயன்பாட்டுக்கு 2005-லிருந்தே உரிமம் இன்றித் திறந்துவிடப்பட்டிருக்கிறது. கைப்பேசிக் கோபுரமே இல்லாத நிலப்பரப்புகளில் செயற்கைக்கோள் வழியாகவும் செய்தி அனுப்பப்படுகிறது.

இந்த மூன்றாம் வழி ஆஸ்திரேலியாவில் ஏன் வேரூன்றியது என்பதை அங்குள்ள அளவுகளே சொல்லும். தென் ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் மாட்டுப்பண்ணை 15,000 சதுர கி.மீ.க்கு மேல் பரந்தது. 426 சதுர கி.மீ. பரப்புள்ள சென்னை மாநகராட்சியை அதற்குள் முப்பத்தைந்து முறை அடக்கலாம். அத்தகைய பண்ணைகளில் ஆழ்துளைக் கிணறுகளையும் தொட்டிகளையும் பார்த்துவர ஒருவர் நாள் முழுவதும் வண்டி ஓட்ட வேண்டும். எரிபொருளும் ஆள்கூலியும் அதிலேயே கரையும். பயணத்தைக் குறைக்கும் உணரி அங்கே தன் விலையைத் தானே மீட்டுத் தருகிறது. தொழுவத்துக்கு அடுத்த அறையில் தூங்கும் வளர்ப்பாளருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை மறந்து, அயல்நாட்டு விளம்பரத்தை அப்படியே இங்கே கொண்டுவருவோர் உண்டு.

நம் ஊரின் முன்னோடி: கைப்பேசி மோட்டார்

தொலைவிலிருந்து நீரைக் கவனிக்கும் வழக்கம் இந்திய உழவருக்குப் புதிதன்று. இரவில் எந்நேரமும் வந்துபோகும் மும்முனை மின்சாரத்துக்காக வயலுக்கு நடக்க வேண்டியிருந்த துன்பத்திலிருந்து பிறந்ததே கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவி. புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஒஸ்த்வாலின் நானோ கணேஷ் இத்துறையில் முன்னோடி. இன்று தமிழ்நாட்டில் மொபைல் ஸ்டார்ட்டர் என்ற பெயரில் கிணற்றடி தோறும் இத்தகைய கருவி காணப்படுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமும் வழங்கிவருகிறது. மோட்டார் ஓடுகிறதா, மின்முனை ஒன்று விடுபட்டதா, கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுழல்கிறதா என்பதை அது சொல்லிவிடுகிறது. அதனோடு மாட்டுத்தொட்டியின் மிதவையை இணைப்பது ஒரு கம்பியின் வேலையே. கால்நடைக்கென்று தனியாகப் புதுக்கருவி தேடுவோர், ஏற்கெனவே வீட்டிலிருக்கும் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

பால் பண்ணைக் கருவிகளிலும் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 2011-இல் தொடங்கிய பெங்களூருவின் ஸ்டெல்லாப்ஸ் நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில் வளர்ப்பகத்தில் வளர்ந்தது. மாட்டின் அசைவைக் கணக்கிட்டுச் சினைப்பருவத்தையும் நோயையும் முன்கூட்டி உணர்த்தும் கருவி அதன் படைப்புகளில் ஒன்று.

கொங்கு நாட்டுக் கொறங்காடு

வேலியும் தொலைவிலுள்ள தண்ணீரும் ஒருங்கே முக்கியமாகும் இடத்தைத் தமிழ்நாட்டில் தேடினால், அது காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடாகவே இருக்கும். மழை குறைந்த அந்த மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப் புல் தரையை மூட, வெள்வேல மரங்கள் நிழலும் காயும் தர, நாற்புறமும் முள்கிளுவை உயிர்வேலியாக நின்று காங்கேயம் மாடுகளையும் செம்மறி ஆடுகளையும் காக்கிறது. காங்கேயம் இனத்தைச் செம்மைப்படுத்திய பெருமை பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கு உரியது என்றால், அந்த இனம் தழைப்பதற்கான நிலத்தைப் பேணிய பெருமை இந்த மேய்ச்சல் முறைக்கு உரியது. கொறங்காட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒன்றில் புல் தீரும் முன் அடுத்ததற்கு மாடுகளை மாற்றுவார்கள். மேய்ப்பவர் உடன் நிற்க வேண்டியதில்லை. காட்டுக்குள் விட்டுக் கடவை அடைத்துவிட்டால் போதும்.

இந்த அமைப்பில் கிளுவை வேலிக்கு எந்த மின்னணுக் கருவியும் தேவைப்படாது. வெட்டி நட்ட போத்து வேர்பிடித்துக் கிளைவிட்டு, ஆண்டு செல்லச் செல்ல இறுகும். துருப்பிடிக்காது, மின்சாரம் கேட்காது, பறவைக்கும் ஓணானுக்கும் இருப்பிடமாகும். உணரி விற்பவர் எவ்வளவு சொன்னாலும் கிளுவைக்கு மேலான வேலி அந்த நிலத்துக்கு இல்லை என்பதில் ஐயமில்லை. அங்கே மாடு வெளியேறுவது பெரும்பாலும் யாரோ திறந்து மூட மறந்த கடவு வழியாகத்தான். கடவின் கதவில் ஒரு காந்தத்தையும், நிலைத்தூணில் காந்தம் அருகிருந்தால் மட்டும் சுற்றை மூடும் சிறு சுவிட்சையும் பொருத்திவிட்டால், கதவு திறந்தபடி கிடக்கும் நேரத்தை அது சொல்லிவிடும். கொறங்காட்டில் வேலிக்கான உணரி என்றால் அது ஒன்றே போதும்.

தண்ணீரின் கதை வேறு. கொறங்காட்டுக்குள் ஓடையோ குளமோ பொதுவாக இராது; கிணற்றிலிருந்து குழாய் வழியாகவோ, வறட்சிக் காலத்தில் டிராக்டர் தொட்டியிலோ கொண்டுவந்து நிரப்ப வேண்டும். வீட்டு இளைஞர்கள் திருப்பூர் பனியன் ஆலைகளுக்கு வேலைக்குப் போய்விட, காட்டைச் சுற்றிவரும் பொறுப்பு முதியவர்களிடம் எஞ்சியிருக்கும் குடும்பங்களுக்கு, தொட்டி காலியானதும் கைப்பேசியில் ஒலிக்கும் எச்சரிக்கை பெருந்துணையாகும். குடிநீர் அளவைத் தொடர்ந்து குறித்துவைத்தால் இன்னொரு பயனும் உண்டு: வெயில் கூடிய நாளில் குடிக்கும் அளவு திடீரென்று குறைந்தால் நீர் கெட்டிருக்கிறது அல்லது மந்தையில் நோய் நுழைந்திருக்கிறது என்று ஐயுறலாம், யாரும் குடிக்காத நள்ளிரவில் மட்டம் இறங்கினால் குழாயிலோ தொட்டியிலோ கசிவு இருக்கிறது.

மின்வேலி: காப்பதும் கொல்வதும்

மின்வேலியின் வரலாறு மாதவரத்தை எதிர்பாராத விதமாகத் தொடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் சென்னை நகரத்துக்குப் பால் பதப்படுத்தித் தர மாதவரத்தில் எழுந்த பால்பண்ணை, கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அளித்த உதவியோடு அமைந்தது. அதே காலத்தில்தான் நியூசிலாந்தின் ருவாகுரா ஆய்வு நிலையத்தில் டக் ஃபிலிப்ஸ், புல் உரசினாலும் திறன் குன்றாத மின்வேலி இயக்கியை உருவாக்கினார். பால் பதனத் தொழில்நுட்பம் மாதவரத்துக்கு வந்து சேர்ந்தது. பாதுகாப்பான மின்வேலி தமிழ்நாட்டுக்கு வந்துசேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

முறையான மின்வேலியில் கம்பிக்குள் மின்சாரம் தொடர்ந்து பாயாது. எனர்ஜைசர் எனப்படும் இயக்கிப் பெட்டி, சில ஆயிரம் வோல்ட் உள்ள துடிப்பை விட்டுவிட்டு அனுப்பும். பன்னாட்டுத் தரப்படி ஒரு துடிப்பு 10 மில்லி விநாடிக்கு மேல் நீளக்கூடாது. அடுத்த துடிப்புக்கு இடையே ஒரு விநாடியாவது இடைவெளி வேண்டும். துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. மாடு தொட்டால் சுருக்கென்று உணர்ந்து விலகும், உயிர் போகாது. இதற்கு நேர்மாறாக, வீட்டு மின்கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்துக் கட்டும் கம்பி தொட்ட உயிரைப் பற்றிக்கொண்டு கொல்லும். 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய சட்டவிரோத வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயற்றுத் தவித்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்து, தரச்சான்று பெற்ற இயக்கியைக் கட்டாயமாக்கியது. சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியம் உண்டு என்பதால், ஏழ்மையைக் காரணம் காட்டிக் கொல்லும் கம்பியை இழுப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

மின்வேலியைத் தொலைவிலிருந்து கவனிப்பதற்கு வேலியின் கடைசி முனையில் ஒரு மின்னழுத்த உணரி வைப்பதே சரி. பெட்டிக்கு அருகில் மட்டும் அளந்தால், நடுவில் கம்பி அறுந்திருந்தாலும் எல்லாம் நலமென்றே காட்டும். தொடக்கத்தில் அழுத்தம் முழுதாக இருந்து கடைசியில் சுழியானால் கம்பி அறுந்திருக்கிறது. எங்கும் ஒருசேரத் தாழ்ந்தால் கொடியோ கிளையோ கம்பியில் சாய்ந்து மின்சாரம் நிலத்துக்குக் கசிகிறது. கோடையில் மட்டும் தாழ்ந்தால் மண் காய்ந்து நிலத்தொடர்பு கெட்டிருக்கிறது.

கம்பியே இல்லாத வேலியும் இப்போது வந்திருக்கிறது. மாட்டின் கழுத்துப்பட்டையிலுள்ள ஜி.பி.எஸ். கருவி, வரைபடத்தில் குறித்த எல்லையை மாடு நெருங்கும்போது முதலில் ஒலி எழுப்பி, மீறினால் சிறு மின்னதிர்வு தந்து திருப்புகிறது. நார்வேயின் நோஃபென்ஸ், நியூசிலாந்தின் ஹால்டர் ஆகிய நிறுவனங்கள் இதில் முன்னிற்கின்றன. பரந்த புல்வெளிக்கு இது பொருந்தலாம். வடசென்னைத் தெருவில் பொருந்தாது. நெருங்கிய கட்டடங்களுக்கிடையே ஜி.பி.எஸ். காட்டும் இடம் பல மீட்டர் தவறக்கூடிய நிலையில், தெருவின் அகலமே சில மீட்டராக இருக்கும் ஊரில் எல்லை எங்கே என்று மாட்டுக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. போக்குவரத்துக்கு நடுவே மிரண்ட மாட்டால் நேரும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலியில்லாத ஊரில்

புளியந்தோப்பின் மாடு ஏன் தெருவுக்கு வருகிறது என்ற கேள்விக்கு இடமின்மையே விடை. கறந்து முடித்ததும் கட்டிவைக்க நிழலும் நீரும் இல்லாததால் அவிழ்த்துவிடுகிறார்கள். அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து வந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து வேப்பேரி மருத்துவர்கள் பல மணி நேர அறுவைச் சிகிச்சையில் 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை அகற்றினார்கள். நகரத்து மாட்டுக்கு வேலி இல்லாததன் விலை அது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் தொட்டு, நகர்ப்புறங்களில் விலங்கு, பறவை வளர்ப்பை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் வரை, பிடித்து அடைத்துத் தண்டம் விதிப்பதே வழியாக இருந்துவருகிறது; அண்மை ஆண்டுகளில் தண்டத்தொகை பலமடங்கு உயர்ந்துவிட்டது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். காதில் தொங்கும் 12 இலக்க அடையாள வில்லையோ, தோலுக்கடியில் செலுத்தும் நுண்சில்லோ மாடு எங்கே இருக்கிறது என்று ஒருபோதும் சொல்லாது. சில்லில் மின்கலம் கிடையாது; படிக்கும் கருவியை மிக அருகே கொண்டுசென்றால் மட்டும் தன் எண்ணைச் சொல்லும். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவும் தடுப்பூசிக் கணக்கை வைத்துக்கொள்ளவும் அது இன்றியமையாதது. மாட்டைத் தெருவிலிருந்து தடுக்க அது உதவாது. தடுக்கக்கூடியது தொழுவம் மட்டுமே. மாநகராட்சி மண்டலந்தோறும் பொது மாட்டுத்தொழுவம் அமைக்க முன்வந்திருப்பது இந்தக் காரணத்தாலேயே வரவேற்கத்தக்கது.

பொதுத்தொழுவத்தில்தான் நீர் உணரிக்கு வடசென்னையில் உண்மையான இடம் உருவாகிறது. தன் வீட்டு மாட்டின் தொட்டியை உரிமையாளர் ஒரு நாளைக்குப் பலமுறை பார்ப்பார். பலருடைய மாடுகள் ஒன்றாக நிற்கும் இடத்தில் ஒருவர் பார்த்திருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொள்ள, தொட்டி காய்ந்துவிடும். கறவைப் பசு ஒன்று கோடையில் நாளொன்றுக்கு 80 லிட்டர் குடிக்கும் என்று கொண்டால், 100 மாடுகளுக்குக் குடிநீர் மட்டும் 8,000 லிட்டர். கழுவும் நீரைச் சேர்த்தால் 9,000 லிட்டர் லாரி ஒன்று ஒரு நாளைக்குப் போதாது. லாரி தாமதமாகும் நாளில் நிலத்தடித் தொட்டி எந்த மணிக்கு வற்றும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் அழுத்த உணரி, அந்த இடத்தில் ஆடம்பரப் பொருளாகாது.

அதே உணரி எதிர்ப்புற ஆபத்தையும் சொல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் புளியந்தோப்பும் அதைச் சூழ்ந்த தாழ்ந்த பகுதிகளும் நாட்கணக்கில் நீரில் நின்றன. கட்டிக்கிடக்கும் மாட்டுக்கு நள்ளிரவு வெள்ளத்திலிருந்து தப்ப வழியில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்திய மிதவை ஒன்று எழும்போது உரிமையாளரின் கைப்பேசி ஒலித்தால், கயிற்றை அவிழ்க்க அவர் வந்துசேர நேரம் கிடைக்கும். எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்கும் என்பதால் பெட்டியை நன்கு அடைத்து மூடுவதும், மாதம் ஒருமுறை மிதவையைக் கையால் தூக்கிச் செய்தி வருகிறதா என்று சோதிப்பதும் தவறக்கூடாது. கருவி பேசாமலிருப்பதை எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்வதே இத்துறையில் நேரும் மிகப் பெரிய பிழை. ஆகவே குறை நேரும்போது மட்டுமன்றி, நாள்தோறும் ஒருமுறை தான் உயிரோடிருப்பதாகச் செய்தி அனுப்பும் வகையில் கருவி அமைய வேண்டும்.

மணலி, எண்ணூர் ஆலைகளின் புகைபோக்கிகளில் பொருத்திய உணரிகள் இரவும் பகலும் கிண்டியிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளவுகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இதே மண்டலத்தில் மாடு குடிக்கும் தொட்டிக்கு அந்தக் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே போதும். மாநகராட்சியும் கால்நடைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பெரம்பூர்த் தொழுவத்திலும் புதிதாக எழும் பொதுத்தொழுவங்களிலும் நீர் உணரிகளை முதலில் பொருத்த வேண்டும். செய்தி அதிகாரிக்கு மட்டும் போகாமல், மாட்டை விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கும் தமிழில் போக வேண்டும். கழுத்துப்பட்டைகளும் கண்காணிப்புக் கேமராக்களும் அதற்குப் பிறகு வரட்டும். அடுத்த கோடைக்கு முன் இதைத் தொடங்கத் தடை எதுவும் இல்லை. மிதவையும் அழுத்த உணரியும் சிம் பலகையும் சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் இன்றே கிடைக்கின்றன.